வயல் வாடியிற் சூரிய விளக்கு
மின்னேற்றக் கட்டுப்படுத்தியை இணைக்கும் முறை பற்றிய ஒரு பாடம்

(பழைய மாணவன் ஒருவன்)

கிழக்கிலங்கையின் கரையோரமாக மருதமுனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை செல்லும் வழிப்போக்கன் ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயலையும் கண்டுகொண்டே செல்வான். இடையிலே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களும், காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழூர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இவ்வூர்களில் இன்று மின்விளக்கு இல்லாத வீட்டைக் காண்டல் அரிது. ஆயின், மேற்கே வயல்வெளிக்குட் சில மைல் சென்றுவிட்டால் மின்கம்பங்கள் நின்றுவிடுகின்றன. அங்கே வெள்ளாமை காக்கும் உழவனுக்கு ஒரு வாடியும், ஒரு பரணும், அவன் கொண்டுசெல்லும் விளக்குமே துணை.

நம் கல்லூரியிற் பௌதிகம் கற்று வெளியேறிய எனக்கு, ஆசிரியத் தொழிலின் பொருட்டு இக்கரையோரத்திற் பல்லாண்டு வாழும் பேறு கிடைத்தது. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, மாணவர்க்குப் பாடமாகவும் பிறர்க்குப் பயனாகவும் அமையக்கூடிய பொருள் ஒன்றையே எழுத வேண்டுமென எண்ணினேன். வயல் வாடி ஒன்றில் யான் கண்ட ஒரு பிழையும், அதனைத் திருத்திய வகையுமே இக்கட்டுரையின் பொருளாம்.

ஒரு முறைப்பாடு

சாய்ந்தமருதைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். ஊர் வழக்கப்படி அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அவருக்கு அக்கரைப்பற்றுக்கு மேற்கே, காட்டோரத்து வட்டை ஒன்றில் வயல் உண்டு. பெரும்போகத்துக் கதிர் முற்றும் காலத்தில் யானைகள் அங்கு இரவிலே இறங்குவது வழக்கம். ஆகவே அவர் 100 வாற்றுச் சூரியத்தகடு ஒன்றும், 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றும், மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்றும் வாங்கி வாடியிற் பொருத்தியிருந்தார். ஆறு மாதம் கழியுமுன் என்னிடம் வந்து சொன்னார்: "சேர், பகல்ல பற்றரி கொதிக்கிது, ராவையில வெளக்குச் செத்துப் போகுது. எனக்குக் கள்ளச் சாமானத் தந்திட்டானுகளோ?"

விளக்கு அணைந்த ஓரிரவில் யானைகள் வரம்பு கடந்து வந்து ஏறக்குறைய அரை ஏக்கர் வெள்ளாமையை மிதித்துச் சென்றன. காவலாளி பரணிலிருந்து இறங்கவும் வழியின்றி விடியும்வரை இருளில் இருந்தானாம். பயிர் போனது ஒருபுறமிருக்க, அம்மனிதனுக்கு நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணியே காக்கா பெரிதும் கலங்கினார்.

அவர் கூறிய இரு குறைகளும் ஒன்றுக்கொன்று மாறானவை என்பதை வாசகர் கவனிக்க. பகலிற் பற்றரி கொதித்தல் மின் மிகையால் வருவது. இரவில் விளக்கு சாதல் மின் குறைவால் வருவது. ஒரே உடம்பில் அசீரணமும் பட்டினியும் ஒருங்கே இருந்தாற் போன்ற இந்நிலை எங்ஙனம் வந்தது? இதனை அறிதற்கு, இவ்வமைப்பின் உறுப்புகள் யாவை, அவை யாது செய்கின்றன என்பதை முதலில் நோக்குவோம்.

தகடும் பற்றரியும்

ஒளி பட்டால் மின் பிறக்கும் என்னும் உண்மையைப் பிரான்சிய அறிஞர் எட்மண்ட் பெக்கெரெல் 1839ஆம் ஆண்டிற் கண்டார். ஆயினும், அது கைக்குதவும் கருவியாக நூறாண்டுக்கு மேற் சென்றது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாபின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனாலான சூரியக்கலத்தை வெளியிட்டனர். தன்மேல் விழும் ஒளியாற்றலில் நூற்றுக்கு ஆறு பங்களவே அது மின்னாக்கிற்று. 1958இல் வங்கார்ட் என்னும் செய்மதி அத்தகைய கலங்களைச் சுமந்து வானிற் சென்றது. இன்று கடையில் விற்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் தருகின்றன. இலங்கையிலும் 1997ஆம் ஆண்டு தொடக்கம் உலக வங்கியின் உதவியோடு நடைபெற்ற திட்டங்களால் நூறாயிரத்துக்கு மேற்பட்ட கிராம வீடுகள் சூரிய விளக்குப் பெற்றன. நாட்டின் மின்வழங்கல் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் எட்டிய பின்னர் அவற்றின் தேவை குறைந்தது. எனினும் வயல் வாடிக்கும், கடற்கரை மீன்வாடிக்கும் அத்தேவை இன்றும் உண்டு. அன்றியும், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தபொழுது, ஊரிலுள்ளோரும் இதன் அருமையை உணர்ந்தனர்.

12 வோல்ற்றுப் பற்றரிக்கென விற்கப்படும் 100 வாற்றுத் தகட்டில் 36 கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒன்றோடும் இணைக்காது வெயிலில் வைத்தால் அதன் முனைகளில் ஏறக்குறைய 22 வோல்ற்று நிற்கும். முழுவேலை செய்யும்பொழுது 18 வோல்ற்றில் 5½ அம்பியர் தரும். இங்ஙனம் 12 என்னும் பெயருடைய தகடு 18 தருவது பிழையன்று. பற்றரியினுள் மின்னைச் செலுத்த அதனினும் உயர்ந்த அழுத்தம் வேண்டும். மேலும், வெயிலிற் சூடேறச் சூடேறத் தகட்டின் அழுத்தம் குறையும். அக்குறைவுக்கும் இடம் விட்டே அது ஆக்கப்பட்டுள்ளது.

ஈயவமிலப் பற்றரியை 1859இல் ஆக்கியவர் காஸ்டன் பிளாந்தே என்பவர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ற்றுத் தரும் ஆறு கலங்கள் அதனுள் உள. மின்னைக் கொடுக்குந்தோறும் அதன் இருவகைத் தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படிகின்றது. அமிலம் நீர்த்துப் போகின்றது. மீண்டும் மின்னேற்றினால் இச்செயல் திரும்பி நடைபெறும். ஓய்ந்திருக்கும் பற்றரியின் முனைகளில் 12.7 வோல்ற்று இருப்பின் அது நிறைந்துள்ளது, 12.2 எனின் பாதி, 11.9க்குக் கீழே எனின் வெறுமையை அடைந்துவிட்டது எனலாம்.

இப்பற்றரிக்குப் பகைவர் இருவர். ஒருவன் மிகை. அழுத்தம் 14.4 வோல்ற்றைத் தாண்டி நெடுநேரம் நின்றால், உள்ளிருக்கும் நீர் ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிந்து போகும். தகடுகள் நீருக்கு மேலே தோன்றி உலர்ந்து கெடும். மற்றவன் குறை. வெறுமையாகிய பற்றரியை அந்நிலையிலே விட்டுவைத்தால், மென்மையாகப் படிந்த ஈயசல்பேற்று வன்பளிங்காக இறுகிவிடும். பின்னர் எத்துணை மின்னேற்றினும் அது முன்போற் கரையாது. இவ்விருவரையும் வாயிலில் நின்று தடுப்பதே மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் தொழில்.

குளமும் வானும் துரிசும்

இம்மாவட்டத்து உழவர்க்கு இதனை விளக்குதல் எளிது. 1949ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் முயற்சியால் எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் இக்கரையோரத்து வயல்களைப் பெரும்பகுதி வளம்படுத்துகின்றது. அக்குளத்துக்கு ஆற்றால் நீர் வருகின்றது. துரிசின் வழியே வயலுக்குப் போகின்றது. மிகுந்தால் வான் வழியே வெளியேறுகின்றது. வானில்லாத குளம் கட்டுடைக்கும். துரிசை மூடாத குளம் வற்றி வெடிக்கும்.

சூரியத்தகடே ஆறு. பற்றரியே குளம். விளக்கே வயல். கட்டுப்படுத்தி என்பது வானும் துரிசும் ஒருங்கமைந்த காவற்பெட்டி. பற்றரி நிறையும் தறுவாயில், 14.4 வோல்ற்றில், அது வரவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பின்னர் 13.7 அளவில் நிறுத்திவைக்கும். இரவிற் பற்றரியின் அழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் விளக்கின் இணைப்பைத் துண்டிக்கும். சூரியனற்ற வேளையிற் பற்றரியின் மின் தகட்டுக்குத் திரும்பி ஒழுகாதவாறும் காக்கும்.

ஆயின், துரிசின் வழியே போகும் நீரைத்தானே துரிசாற் கட்டுப்படுத்த முடியும்? அணைக்கட்டில் எலி வளை ஒன்று இருப்பின் துரிசை எத்துணை இறுக மூடினும் யாது பயன்? இக்கட்டுரை கூற விழைவதும் இவ்வொன்றே: கட்டுப்படுத்தி தன் வழியே செல்லும் மின்னை மட்டுமே ஆளும். அதனைச் சுற்றிச் செல்லும் கம்பி ஒன்று இருப்பினும், அஃது இருந்தும் இல்லாததாகும்.

பிழை எங்கே?

காக்காவுடன் வட்டைக்குச் சென்ற நாள் நல்ல வெயில். நண்பகலிற் பற்றரி முனைகளில் வோல்ற்றுமானியை வைத்தேன், 15.6 வோல்ற்றுக் காட்டிற்று. கட்டுப்படுத்தியின் முகப்போ பற்றரி நிறைந்துவிட்டது, வரவு நிறுத்தப்பட்டது என்று குறி காட்டிக்கொண்டிருந்தது. காவலன் வாயிலைப் பூட்டிவிட்டேன் என்கிறான்; வீட்டினுள்ளோ ஆட்கள் நடமாடுகின்றனர்! எனவே வேறொரு வாயில் இருத்தல் வேண்டும்.

கட்டுப்படுத்தியின் அடியில் ஆறு திருகாணிகள் உள. இரண்டு தகட்டுக்கு, இரண்டு பற்றரிக்கு, இரண்டு விளக்குக்கு. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று நேர், மற்றொன்று எதிர். காக்காவின் வாடியில் இணைப்பு வேலையைச் செய்தவர் அவர்தம் மருமகன்; வீட்டு மின்னிணைப்பிற் கைதேர்ந்த இளைஞர். வீட்டிலே நடுநிலைக் கம்பிகள் யாவற்றையும் ஓரிடத்திற் சேர்ப்பது முறையாதலால், ஈண்டும் தகடு, பற்றரி, விளக்கு ஆகிய மூன்றின் எதிர்முனைக் கம்பிகளையும் ஒரே முடிச்சாகச் சேர்த்துப் பற்றரியின் எதிர்முனையிற் கட்டியிருந்தார். கம்பியும் மிச்சமாயிற்று, பார்வைக்கும் ஒழுங்காயிருந்தது.

பிழை அம்முடிச்சிலேதான் இருந்தது. சந்தையிற் கிடைக்கும் சிறு கட்டுப்படுத்திகளிற் பல, நேர்முனைகள் மூன்றையும் தம்முள்ளேயே ஒன்றாக இணைத்து வைத்துள்ளன. அவை திறப்பதும் மூடுவதும் எதிர்முனைப் பக்கத்திலேயாம். அவ்வெதிர்முனைகளை நாம் வெளியே ஒன்றாக முடிந்துவிட்டால், தகடு நேரே பற்றரியோடும், பற்றரி நேரே விளக்கோடும் இணைந்துவிடும். பகலில் வரவை நிறுத்த ஆளில்லை. ஆகவே பற்றரி கொதித்தது. இரவிற் செலவைத் தடுக்க ஆளில்லை. ஆகவே அது வெறுமையாகும்வரை எரிந்து அணைந்தது. மாறுபட்ட இரு நோய்களுக்கும் காரணம் ஒன்றேயாயிற்று.

கட்டுப்படுத்தி இவ்வகையினதா என்பதை அறிய வழி எளிது. எக்கம்பியும் பூட்டாத நிலையில், தடையளக்கும் கருவியை அதன் மூன்று நேர்முனைகளுக்கிடையிலும், பின்னர் மூன்று எதிர்முனைகளுக்கிடையிலும் வைத்துப் பார்க்க. எங்கே தடை இல்லையோ அப்பக்கம் பொதுவானது. எனினும் எவ்வகையாயினும் தவறாத விதி ஒன்றுண்டு: ஆறு திருகாணிக்கும் ஆறு கம்பி, மூன்று சோடிகளும் தனித்தனியே செல்க. எதிர்முனைக் கம்பியை மண்ணோடு இணைப்பதும் இதே தீங்கைத் தரலாம். இடிமின்னலுக்கு அஞ்சித் தகட்டின் உலோகச் சட்டத்தைப் புவித்தொடுப்புச் செய்யின், அக்கம்பியை மின்கம்பிகளோடு சேர்க்காது தனியே கொண்டுசெல்க.

இணைக்கும் ஒழுங்கு

இனி, மாணவர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய ஒழுங்கு வருமாறு: முதலிற் பற்றரி, அடுத்துத் தகடு, இறுதியில் விளக்கு. கழற்றும்பொழுது இதற்கு நேர்மாறாக விளக்கு, தகடு, பற்றரி.

காரணம் கூறாது விதி கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. கட்டுப்படுத்திக்கு உயிரளிப்பது பற்றரி. அதனை முதலில் இணைத்தாலன்றோ, தான் காவல்செய்யும் குளம் 12 வோல்ற்றினதா, 24 வோல்ற்றினதா என்பதை அது அறியும். தகட்டை முதலில் இணைத்தால், 22 வோல்ற்று உள்ளே வந்து, போக்கிடமின்றி நிற்கும். குளம் வெட்டுமுன் ஆற்றைத் திருப்பியது போன்ற நிலை இது. கட்டுப்படுத்தி இதனை 24 வோல்ற்று அமைப்பெனத் தவறாகக் கொள்ளலாம், அன்றி அவ்வழுத்தத்தை விளக்குக்கு விட்டு விளக்கை எரிக்கலாம், தானும் கெடலாம்.

செய்முறை இது. முதலில் தகட்டைச் சாக்கினாலோ தடித்த துணியினாலோ மூடுக. விளக்கின் ஆளிகளை அணைத்து வைக்க. நேர்முனைக்குச் சிவப்பும் எதிர்முனைக்குக் கறுப்புமாகக் கம்பிகளைக் குறித்துக்கொள்க. பற்றரியின் நேர்முனைக் கம்பியில், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், உருகி ஒன்றை அமைக்க. ஆனால் உருகியை இப்பொழுது பொருத்த வேண்டா. கம்பிகளைக் கட்டுப்படுத்தியிற் பூட்டியபின் பற்றரி முனைகளிற் பூட்டுக. நேரும் எதிரும் சரியா என வோல்ற்றுமானியால் மறுமுறை நோக்கியபின் உருகியைப் பொருத்துக. முகப்பு ஒளிரும். அதிலே பற்றரியின் வகையைத் தெரிவு செய்க. ஈயப் பற்றரிக்கும் இலிதியப் பற்றரிக்கும் மின்னேற்றும் அழுத்தம் வேறாதலால் இதனை மறத்தலாகாது.

அடுத்துத் தகட்டின் கம்பிகளை வெயிலில் அளந்து நேர், எதிர் கண்டு, மீண்டும் மூடி, கட்டுப்படுத்தியிற் பூட்டித் திரையை நீக்குக. மின்னேறும் குறி தோன்றும். ஈற்றில் விளக்கின் கம்பிகளைப் பூட்டுக.

உருகி எதற்கு, அதுவும் ஏன் பற்றரியின் அருகில் என்று வினவுவோர் உளர். தகட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டாலும் 6 அம்பியருக்கு மேல் அது தராது. பற்றரியோ ஒரு கணத்திற் பல நூறு அம்பியரைக் கொட்டவல்லது. எலி கடித்த கம்பி ஒன்றே வைக்கோல் நிறைந்த வாடியைச் சாம்பலாக்கப் போதும். உருகிக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள கம்பிக்கு உருகி காவலன்று. ஆதலின் அவ்விடைவெளி சிறிதாதல் வேண்டும். 10 அம்பியர்க் கட்டுப்படுத்திக்கு 15 அம்பியர் உருகியும், 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் அமையும்.

கணக்கின்றிக் கட்டுதல் கூடாது

காக்காவின் தேவையைக் கணக்கிட்டோம். வாடியினுள் 5 வாற்று எல்.இ.டி. விளக்கு இரவு முழுவதும் 10 மணி நேரம்: 50 வாற்று மணி. வெளியே 20 வாற்று வீச்சு விளக்கு வேண்டும்போது மட்டும், மொத்தம் 2 மணி நேரம்: 40. இரு கைத்தொலைபேசிகளுக்கு 20. 3 வாற்று வானொலி 5 மணி நேரம்: 15. ஆக 125 வாற்று மணி. இதனை 12ஆல் வகுத்தால், ஓரிரவின் செலவு ஏறக்குறைய 10½ அம்பியர் மணி.

ஈண்டு நாட்டின் பருவத்தை மறந்து கணக்கிடுவோர் ஏமாறுவர். இக்கரையில் வெயில் மிகுந்த சித்திரை, வைகாசியில் விளக்குக்கு வேலை குறைவு. வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியிலும் அதனையடுத்த தையிலுமே பெரும்போகப் பயிர் வயலில் நிற்கின்றது. தேவை மிகும் காலமும் சூரியன் மறையும் காலமும் ஒன்றே! ஆதலின் மாரிக்கு ஏற்பக் கணக்கிடல் வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மூடமாயிருப்பின் 31 அம்பியர் மணி செலவாகும். பற்றரியிற் பாதிக்கு மேற் செலவிடாதிருத்தல் நலம். எனவே 62க்குக் குறையாத, அதாவது 70 அம்பியர் மணிப் பற்றரி தக்கது. மாரிக்காலத்து நாளொன்றுக்கு முழுவெயில் மூன்று மணி நேரத்துக்கு ஒப்பான ஒளியே கிடைக்குமெனக் கொண்டால், 5½ அம்பியர்த் தகடு 16½ அம்பியர் மணி தரும். இழப்பு ஐந்திலொன்று போக 13 மிஞ்சும். செலவு 10½ ஆதலின், ஒவ்வொரு நாளும் சிறிது சேமிப்பு உண்டு.

தகட்டைத் தெற்கு நோக்கிப் பத்து முதற் பதினைந்து பாகை சரித்து வைத்தோம். கல்முனைப் பகுதி வடக்கு அகலக்கோடு ஏழரைப் பாகையளவில் உள்ளது. மார்கழியில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய முப்பது பாகை தெற்கே நிற்கும். எனவே இச்சரிவு வேண்டிய காலத்தில் ஒளியையும் கூட்டும். மழைநீர் வழிந்து தூசியையும் கழுவும். தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் வீழ்ந்தாலும், கலங்கள் தொடராக உள்ளமையின் விளைவு பாதியாகக் குறையக்கூடும். ஆகவே நிழலில்லா இடமே தேர்க.

கட்டுப்படுத்தியில் இருவகை உண்டு. பி.டபிள்யூ.எம். என்னும் எளியவகை தகட்டின் அழுத்தத்தைப் பற்றரியின் அளவுக்கு இறக்கிவிடும். மிகையான அழுத்தம் பயன்படாது. எம்.பி.பி.ரி. என்னும் உயர்வகை அம்மிகையையும் மின்னோட்டமாக மாற்றித் தரும், விலையும் மிகுதி. 36 கலத் தகடொன்றுக்கு எளியவகையே போதும். ஆனால் வீட்டுக் கூரைகளிற் பொருத்தும் பெரிய தகட்டை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி எளியவகையோடு இணைத்தல் கூடாது. அதன் அழுத்தம் கட்டுப்படுத்தியின் எல்லையைத் தாண்டலாம். தாண்டாவிடினும் விளைவிற் பெரும்பகுதி வீணாகும்.

கம்பியின் பருமனும் கணக்குக்குரியது. தகடு பத்து மீற்றர் தூரத்தில் இருப்பின், போகவும் வரவும் இருபது மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் இதன் தடை 0.14 ஓம். 5½ அம்பியர் ஓடுங்கால் 0.77 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு 0.32 மட்டுமே. நண்பகலிற் சூடேறிய தகட்டின் 18 வோல்ற்று 15½ அளவுக்கு இறங்கிவிடும். அதிலிருந்து 0.77 போனால் 14.7 எஞ்சும். பற்றரிக்கு வேண்டுவதோ 14.4. மெல்லிய கம்பியால் எத்துணை நெருக்கடி என்பது இதனால் விளங்கும். பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையிலோ ஒரு மீற்றருக்கு மேல் வேண்டா. கட்டுப்படுத்தி தன் திருகாணியில் உள்ள அழுத்தத்தையே பற்றரியின் அழுத்தமாகக் கருதுகின்றது. இடையே இழப்பு மிகுந்தால், நிறையாத பற்றரியை நிறைந்ததென்று மயங்கி வரவைக் குறைத்துவிடும்.

துண்டிப்பது குற்றமன்று

இணைப்புகளைப் பிரித்து ஆறு கம்பிகளாக்கியபின் மாலையில் விளக்கேற்றினோம். பழைய பற்றரி மீளும் நிலையிலில்லை. காக்கா புதியதொன்று வாங்க நேர்ந்தது. அப்பணத்தை எண்ணி அவர் பெருமூச்செறிந்ததை யான் மறவேன். மருமகனும் மனம் வருந்தினார். "தம்பி, உமது வேலையிற் குறையில்லை, ஒரு வீட்டின் விதியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுசென்றீர், அவ்வளவே" என்று கூறினேன்.

ஆயினும் சில கிழமைகளில் வேறொரு முறைப்பாடு வந்தது. மூடமான நாள்கள் சில கழிந்தபின், விடியற்புறத்திற் கட்டுப்படுத்தி விளக்கை அணைத்துவிட்டதாம். காவலாளி விளக்கின் கம்பியைக் கழற்றி நேரே பற்றரியிற் கட்டிவிட்டான். இதுவே நாட்டில் எங்கும் நிகழும் பிழை. இருளில், யானைக்கு அஞ்சி நிற்பவனுக்கு அதைத் தவிர வேறு எண்ணம் வராது. அவனைக் குறைகூறுதல் தகாது. ஆனால் அவ்வோரிரவின் வெளிச்சத்துக்குப் பற்றரியின் பல மாத வாழ்வு விலையாகிறது. அதன் பின்வரும் இரவுகளுக்கு விளக்கு ஏது?

எனவே இரண்டு செய்தோம். தொழிற்சாலையில் 11.1 வோல்ற்றில் அமைக்கப்பட்டிருந்த துண்டிப்பெல்லையை 11.6க்கு உயர்த்தினோம். பற்றரியோடு தொடர்பில்லாத, தனியே மின்னேற்றக்கூடிய கைவிளக்கு ஒன்றைப் பரணில் வைத்தோம். பகலில் அது கட்டுப்படுத்தியின் வழியே நிறைந்துகொள்ளும். பெரிய விளக்கு அணைந்தாலும் காவலாளி இருளில் இரான். காப்புக் கருவி தன் கடமையைச் செய்ய வேண்டுமாயின், அதனால் மனிதனுக்கு வரும் இடரை நாம் முன்னரே நீக்கிவைத்தல் வேண்டும் என்பதை யானும் அன்று கற்றேன்.

மின்மாற்றி வைத்து ஆடலோட்டக் கருவிகளை இயக்க விரும்புவோர்க்கும் ஒரு சொல். அதனைக் கட்டுப்படுத்தியின் விளக்கு முனையில் இணைத்தல் ஆகாது. தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் பெரு மின்னோட்டத்தைச் சிறு கட்டுப்படுத்தி தாங்காது. தனி உருகியுடன் நேரே பற்றரியில் இணைத்தல் வேண்டும். அப்பொழுது கட்டுப்படுத்தியின் காவல் அதற்கு இல்லையென்பதை உணர்ந்து, பற்றரியின் அழுத்தத்தைத் தாமே கவனித்துக்கொள்க.

பேணும் முறை

கடற்காற்றின் உப்பு இங்கே பெரும் பகை. திருகாணிகளும் பற்றரி முனைகளும் பச்சை பூத்துத் தடை கூடும். மாதமொருமுறை துடைத்து, இறுக்கி, முனைகளில் வசிலீன் பூசுக. நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின், வடித்த நீரன்றிக் கிணற்று நீரை ஊற்றலாகாது. மின்னேறும்பொழுது எழும் ஐதரசன் தீப்பற்றக்கூடியது. ஆதலாற் பற்றரியைக் காற்றோட்டமான மூலையில் வைத்து, பீடி, குப்பிவிளக்கு முதலியவற்றை அகற்றுக. கட்டுப்படுத்தியைப் பற்றரிக்கு நேர்மேலே மாட்டாது, பக்கத்துச் சுவரில் நிமிர்த்தி மாட்டுக. அமில ஆவி அதனை அரியாது. சூடும் மேலெழுந்து நீங்கும்.

இவையனைத்தினும் மேலானது ஒரு குறிப்பேடு. விடியற்காலையில் விளக்கை அணைத்தபின் முகப்பிலுள்ள வோல்ற்றை ஒருவர் நாள்தோறும் குறித்துவரின், நோய் முற்றுமுன்னரே தெரிந்துவிடும். காக்காவின் காவலாளி இன்று அதனை வழுவாது செய்கின்றான். எழுத்தறிவு மிகுதியும் இல்லாத அவன், 12.2க்குக் கீழே எண் வந்தால் அன்றிரவு வானொலியைக் கேட்பதில்லை. வீச்சு விளக்கையும் யானையின் அரவம் கேட்டாலன்றி ஏற்றுவதில்லை. ஓம் விதியைப் படித்து ஒப்புவித்த எம்மிற் பலரினும் அவ்விதியை வாழ்வில் அறிந்தவன் அவன்.

புதிய பற்றரி இரண்டு பெரும்போகங்களைக் கடந்துவிட்டது. சென்ற தை மாதம் ஓரிரவு அவ்வாடியில் தங்கினேன். நள்ளிரவிற் காட்டோரத்தில் மரம் முறியும் ஓசை கேட்டது. காவலாளி எழுந்து வீச்சு விளக்கை ஏற்றினான். வயலின் எல்லைவரை ஒளி சென்றது. யானைகள் சற்று நின்று, பின் காட்டுக்குட் திரும்பின. யானை எப்பொழுதும் இங்ஙனம் ஒளிக்கு அஞ்சித் திரும்பும் என்று யான் கூற மாட்டேன். ஆயின் அவை எங்கே நிற்கின்றன என்பதை அறிந்து நிற்றலும், அறியாது இருளில் நிற்றலும் ஒன்றல்ல.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திற் பற்றரியும் தடையும் கொண்டு செய்த சிறு பரிசோதனைகள் என்றோ ஒருநாள், எங்கோ ஒரு வயலிற் பயன்படும் என்று அன்று யான் எண்ணியதில்லை. இன்று அவ்வாங்குகளில் அமர்ந்திருக்கும் மாணவர்காள்! உங்கள் ஊரிலும் ஆறு திருகாணிகளைத் தவறாகப் பூட்டிவிட்டு, வாங்கிய பொருள் பழுதென்று வருந்தும் ஒருவர் இருப்பார். ஒரு வோல்ற்றுமானியோடு அவர் வாயிலுக்குச் செல்லுங்கள். நம் ஆசிரியர்கள் நமக்கு அளித்த கல்விக்கு அதுவே தக்க கைம்மாறாகும். விழாக்காணும் நம் கல்லூரி நீடு வாழ்க.